15-ஆம் கால்: சால்டரிங் பழகிய கதை

சால்டரிங் என்றால் ஈயத்தை உருக்கி மின்பாகங்களின் கால்களை மின்சுற்றுப் போர்டில் ஒட்டுவது. முதலில், கெடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் போனால் எரிகிற அவசர விளக்கு ஒன்று. சார்ஜர் பின்னைச் செருகும் ஜாக் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் சிவப்புப் புள்ளி எரியும், கையை எடுத்தால் அணையும். திறந்து பார்த்ததும் காரணம் கண்ணில் பட்டது. ஜாக்கின் மூன்று கால்களில் ஒன்றைச் சுற்றி, ஈயத்தில் மயிரிழை போல ஒரு வட்ட விரிசல். பழுது பார்ப்பவர்கள் ‘டிரை சால்டர்’ என்பார்களே, அது. இதைவிட எளிய வேலை இருக்காது என்று நினைத்தேன். ஈயம் ஏற்கெனவே அங்கேயே இருக்கிறது. சூடு காட்டினால் உருகும், எடுத்தால் உறையும், விரிசல் மறையும்.

மேசை இழுப்பறையில் பழைய 25 வாட் சால்டரிங் அயன் ஒன்று கிடந்தது. முனை கரிக்கட்டை போல இருந்தது. பத்து நிமிடம் சூடேற விட்டு, விரிசல் மேல் வைத்தேன். உருகவில்லை. அழுத்தினேன். ஜாக்கின் பிளாஸ்டிக் இளகியது, ஈயம் அசையவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அரை நிமிடம் போனதும் ஏதோ நகர்ந்தது. அப்பாடா என்று அயனை எடுத்தால், நகர்ந்தது ஈயம் இல்லை. அதைத் தாங்கியிருந்த செம்பு வட்டம், அதாவது பேட், போர்டைவிட்டு உரிந்து காலோடு தொங்கிக்கொண்டிருந்தது.

விளக்கை மூடி அலமாரியில் வைத்தேன். கை நடுங்குகிறவர்களுக்கு இந்த வேலை வராது என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். என் கை உண்மையிலேயே கொஞ்சம் நடுங்கும். ஆனால் அந்தத் தீர்ப்பு தப்பு என்று தெரிய சில மாதங்கள் ஆயின.

உப்புத்தாள்

பழகுவது என்று முடிவெடுத்ததும் முதலில் செய்த காரியம், கருத்த முனையைச் சுத்தம் செய்தது. உப்புத்தாளை எடுத்துப் பளபளவென்று செம்பு தெரியும்வரை தேய்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஈயமும் முனையில் நன்றாகப் பிடித்தது. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு முனையின் ஓரத்தில் குழி விழுந்தது. அடுத்த வாரம் குழி பள்ளமானது.

அயன் முனையின் உள்ளே இருப்பது செம்பு. சூட்டை வேகமாகக் கடத்துவதற்காக அது. உருகிய ஈயக் கலவையில் உள்ள வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும், சர்க்கரையைத் தண்ணீர் கரைப்பது போல. அதனால்தான் செம்பின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு மாலை நேரம் செலவழித்து அந்தக் கவசத்தைத்தான் உரித்திருக்கிறேன். முனை கருப்பது இரும்பு ஆக்சைடாவதால். அதற்கு மருந்து, புதிய ஈயத்தையும், ஆக்சைடை நீக்கும் ஃப்ளக்ஸையும் அதன் மேல் உருக்கி உருக்கிப் பித்தளைச் சுருளில் துடைப்பது. அதற்கென்றே விற்கும் டிப் டின்னர் பசையில் முக்கினால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். வேலை முடிந்ததும் முனையைத் துடைத்துப் பளிச்சென்று வைக்கக் கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றேன். ஒரு பொட்டு ஈயத்தைப் பூசி, அப்படியே அணைத்து ஆறவிட வேண்டும். காற்று அந்த ஈயத்தைத்தான் தின்னும், முனையைத் தொடாது.

அடுத்து வாங்கியது அயனின் வெப்பத்தை நிர்ணயிக்கக்கூடிய சால்டரிங் ஸ்டேஷன். ஆரம்பத்திலேயே இவ்வளவு செலவு தேவையா என்று யோசித்தேன். இப்போது கேட்டால், எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள் என்பேன். சாதாரண அயன் சும்மா இருக்கும்போது தேவைக்கு மேல் சூடாகிக் கருகும். பெரிய செம்புப் பரப்பைத் தொட்டதும் குளிர்ந்துபோய்ப் பரிதாபமாக நிற்கும். ஸ்டேஷனில் முனைக்கு அருகே ஒரு சென்சார் இருக்கிறது. வெப்பம் இறங்கினால் உடனே கூடுதல் மின்சாரம் தருகிறது.

இரண்டு ஈயம்

ஈயம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தமிழில் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. சால்டரிங் கம்பியில் வேலை செய்வது வெள்ளீயம். காரீயம் துணைக்கு வருவது. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் என்ற கலவைக்கு ஒரு விசேஷம் உண்டு. வெள்ளீயம் தனியாக 232 டிகிரி செல்சியஸிலும், காரீயம் தனியாக 327 டிகிரியிலும் உருகும். இரண்டும் இந்த அளவில் சேர்ந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். உருகுவதும் உறைவதும் அந்த ஒரே புள்ளியில்தான். 60-40 கலவையோ 183-லிருந்து ஏறக்குறைய 190 வரை திடமும் இல்லாமல் திரவமும் இல்லாமல் களி போல இருக்கும். உறையும் அந்த நேரத்தில் கால் லேசாக அசைந்தால் உள்ளே விரிசல். கை நடுங்குகிற எனக்கு 63-37 தான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

காரீயம் இல்லாத கம்பியும் உண்டு. பரவலாக இருப்பது 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு. இது உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குத் தடை வந்தது. அதன் பிறகு உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. ஆகவே பழுது பார்க்க எடுக்கும் போர்டில் பெரும்பாலும் இந்தக் கலவைதான் இருக்கும். அது உறைந்த பிறகு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ‘பளபளப்பாக இருந்தால் நல்ல இணைப்பு, மங்கினால் கெட்டது’ என்ற பழைய பாடம் இதற்குப் பொருந்தாது. நான் சில நல்ல இணைப்புகளை அந்தப் பாடத்தை நம்பிப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறேன்.

கம்பியின் நடுவே குழாய் போல ஒரு துளை ஓடுகிறது. அதற்குள் ஃப்ளக்ஸ், பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து எடுத்தது. செம்பின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். அது இருக்கும்வரை உருகிய ஈயம் தாமரை இலைத் தண்ணீர்தான். மேலே உருண்டு நிற்கும், ஒட்டாது. ஃப்ளக்ஸ் சூடானதும் அந்தப் படலத்தை அரித்து விலக்குகிறது. அந்தக் கணத்தில் வெள்ளீயமும் செம்பும் நேருக்கு நேர் தொட்டு, இரண்டும் கலந்த ஒரு மெல்லிய அடுக்கு உருவாகிறது. பசை போல மேலே படிவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிறது. பழைய தமிழில் இந்த ஒட்டுக்குப் பற்றாசு என்று பெயர். ‘பற்று’ என்று சொன்னவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இது புரிந்த பிறகுதான் என் முதல் ஐம்பது இணைப்புகள் ஏன் அசிங்கமாக இருந்தன என்று விளங்கியது. நான் செய்துகொண்டிருந்தது இதுதான்: அயன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, கரண்டியில் எடுத்துப் போவது போல எடுத்துப்போய்க் காலின் மேல் தடவுவது. அந்தப் பயணத்துக்கு இரண்டு மூன்று விநாடிதான் ஆகும். ஆனால் அதற்குள் ஃப்ளக்ஸ் புகையாகப் போய்விட்டிருக்கும். போய்ச் சேருகிற ஈயத்தில் படலத்தை விலக்க எதுவும் மிச்சமில்லை. காலும் பேடும் குளிர்ந்தே இருக்கின்றன. உருண்டை நிற்காமல் வேறென்ன செய்யும்?

சூட்டை எங்கே கொடுப்பது

பழைய ரேடியோ போர்டு ஒன்றை எடுத்து, இருந்த ரெசிஸ்டர்களை எல்லாம் கழற்றி மறுபடி பூட்டிப் பழகினேன். இரவுகளில் ஒரு மணி நேரம் வீதம். இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். சலிப்பான வேலை, ஆனால் செய்யாமல் முடியாது.

அங்கே பிடிபட்ட பதம் இது. முனை காலையும் தொட வேண்டும், பேடையும் தொட வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். ஒரு விநாடி பொறுக்க வேண்டும். பிறகு கம்பியை முனையில் வைக்காமல் எதிர்ப்பக்கத்தில் காலும் பேடும் சேரும் மூலையில் வைக்க வேண்டும். அவை இரண்டும் போதுமான அளவு சூடாகியிருந்தால் கம்பி தானாக உருகி, சட்டென்று காலைச் சுற்றி ஓடிப் பரவும். அந்த ‘சட்டென்று’ கண்ணுக்குத் தெரியும். அது தெரிந்ததும் முதலில் கம்பியை எடுக்க வேண்டும், பிறகு அயனை. மொத்தம் மூன்று விநாடி. முடிந்தபின் இணைப்பு, அடியில் விரிந்து மேலே குறுகும் சிறு கூடாரம் போல, உள்வாங்கிய சரிவோடு இருக்கும். குண்டாகப் புடைத்திருந்தால் ஈயம் அதிகம், அல்லது அடியில் ஒட்டவே இல்லை. இரண்டில் எது என்று மேலிருந்து சொல்ல முடியாது. இது பின்னால் என்னைச் சரியாக மாட்டிவிட்டது, வருகிறேன்.

‘காலும் பேடும் சூடாகியிருந்தால்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். காய்ந்த முனை தொடுவது ஊசிமுனை அளவு இடத்தில்தான், அதன் வழியாகச் சூடு நகராது. முனையில் குன்றிமணியில் பாதி அளவுகூட வேண்டாம், ஒரு பொட்டு ஈயம் ஈரமாக இருந்தால் போதும். அது நடுவே பாலம் போட்டுச் சூட்டைக் கடத்தும். இணைப்பை உண்டாக்குவது இந்தப் பொட்டு இல்லை. இது வழிகாட்டி மட்டும்.

முனையின் வடிவத்திலும் ஏமாந்தேன். சின்ன வேலைக்குச் சின்ன முனை என்று ஊசி போன்ற கூம்பு முனையைத்தான் எல்லாப் புதியவர்களும் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். அதன் நுனியில் தொடும் பரப்பே இல்லை. சூடு நுனிவரை வருவதற்குள் வற்றிவிடும். சூடு போதவில்லை என்று 420 டிகிரிக்கு ஏற்றினேன். ஃப்ளக்ஸ் கருகியதும் முனை கருத்ததும்தான் மிச்சம். பிறகு 2.4 மில்லிமீட்டர் அகல உளி முனைக்கு மாறி, வெப்பத்தை 340-க்கு இறக்கினேன். அன்றைக்கே கை நடுக்கம் பாதி மறைந்தது. உண்மையில் நடுக்கம் எங்கும் போகவில்லை. அகலமான முனையைக் காலின் மேல் சாய்த்து வைத்தால் அது அங்கே உட்கார்ந்துகொள்கிறது. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டால் மீதியும் அடங்குகிறது. அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கும்போது நடுங்கிய கை, மூன்று விநாடிக்குள் நடுங்க நேரமில்லாமல் வேலையை முடித்துவிடுகிறது.

பத்து விளக்குகள்

ரேடியோ போர்டு சலித்ததும், வரிசையாக ஓடும் விளக்குப் பயிற்சித் தொகுப்பு ஒன்றை எடுத்தேன். 555, 4017 என்று இரண்டு ஐசி சில்லுகள், பத்து எல்.இ.டி., கொஞ்சம் ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர். 9 வோல்ட். 555-ஐ ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்தார். அரை நூற்றாண்டு தாண்டியும் பயிற்சிப் போர்டுகளில் இன்னும் அதுதான் துடிப்பு கொடுக்கிறது. 4017 அந்தத் துடிப்புகளை எண்ணி, தன் பத்து வெளியீடுகளில் ஒவ்வொன்றாக உயிர்கொடுக்கும். 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் என்று மதிப்புகள். முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதன் இரண்டு மடங்கைக் கூட்டி, கெப்பாசிட்டரால் பெருக்கி, 1.44-ஐ அதனால் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 10 துடிப்பு. பத்து விளக்குகளும் ஒரு சுற்று ஓடி முடிக்க ஏறக்குறைய ஒரு விநாடி.

குள்ளமானவற்றை முதலில், உயரமானவற்றைக் கடைசியில் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் போர்டைக் கவிழ்க்கும்போது ரெசிஸ்டர்கள் நழுவும். ஐசிகளை நேராக ஒட்டாமல் சாக்கெட்டை ஒட்டினேன், சூடு தின்னாமல் இருக்கட்டும் என்று. ஒரு மாலையில் முடிந்தது. மின்சாரம் கொடுத்தேன்.

ஐந்தாவது எல்.இ.டி. எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. மற்றவை ஒவ்வொன்றாக ஓடின. ஓட்டம் ஐந்தாவதுக்கு வரும்போது மட்டும் அது அணைந்தது! தன் முறைக்கு அணைவதும், அடுத்தவன் முறைக்கெல்லாம் எரிவதுமாக. இப்படி எதிர்க்கட்சி போல நடந்துகொள்ளும் விளக்கை நான் பார்த்ததில்லை. காகிதத்தில் வரைந்து பார்த்ததும் புரிந்தது. பத்து எல்.இ.டி.களின் மைனஸ் கால்களும் ஓரிடத்தில் சேர்ந்து ஒரே 1 கிலோ ஓம் வழியாகக் கீழிறங்குகின்றன. ஐந்தாவதைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறேன். மற்ற எந்த விளக்கு எரிந்தாலும் அந்தச் சேருமிடத்தில் மின்னழுத்தம் ஏறும். அங்கிருந்து தலைகீழ் எல்.இ.டி. வழியாக, அப்போது சுழியத்தில் இருக்கும் 10-ஆம் காலுக்கு மின்னோட்டம் பாயும். அதன் சொந்த முறையில் 10-ஆம் கால் உயர்ந்துவிடுவதால் பாய வழியில்லை. நீண்ட கால் பிளஸ் என்பது தெரியும், ஆனால் காலை வெட்டிய பிறகுதான் பார்த்தேன். உடம்பின் விளிம்பில் தட்டையாக வெட்டிய பக்கம் மைனஸ். அதைப் பார்த்துப் பூட்டியிருந்தால் தப்பியிருக்கலாம். பம்பால் ஈயத்தை உறிஞ்சிக் கழற்றித் திருப்பிப் பூட்டினேன்.

இரண்டாவது கோளாறு லேசில் விடவில்லை. ஓட்டம் ஐந்தோ ஏழோ போகும், திடீரென்று முதல் விளக்குக்குத் தாவும். சில நேரம் முழுச் சுற்று ஓடும். சில நேரம் முதல் விளக்கிலேயே நின்று திணறும். போர்டின் மேல் கையைக் கொண்டுபோனால், தொடாமலே தாளம் மாறியது. எனக்கு அமானுஷ்யத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இரவு பதினொன்றரை மணிக்கு இதெல்லாம் நடந்தால் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்கிறோம்.

ஐசி போய்விட்டது என்று முடிவு கட்டி வேறு 4017 போட்டேன். அதே ஆட்டம். 555-ஐ மாற்றினேன். அதே ஆட்டம். மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும் கன்டினியூட்டியில் வைத்து ஒவ்வொரு காலாகத் தொட்டேன். எல்லா இடத்திலும் பீப். இணைப்புகள் சரி, ஐசிகள் சரி, பிறகு எது?

கை நெருங்கினால் மாறுகிறது என்பதுதான் துப்பு. 4017 போன்ற சீமாஸ் (CMOS) வகை ஐசியின் உள்ளீட்டுக் கால் ஒன்று எதனோடும் சேராமல் தொங்கினால், அது ஆன்டெனா போலக் காற்றில் உள்ளதையெல்லாம் பிடித்து, ஒரு கணம் ‘ஒன்று’ என்றும் அடுத்த கணம் ‘சுழியம்’ என்றும் படிக்கும். 4017-இல் 15-ஆம் கால் ரீசெட். அது ‘ஒன்று’ ஆனால் எண்ணிக்கை முதல் விளக்குக்குத் திரும்பும். அதைப் போர்டில் கிரவுண்டோடு, அதாவது பேட்டரி மைனஸோடு, சேர்த்திருக்க வேண்டும். சேர்ந்துதான் இருந்தது, பீப் சொன்னதே!

பீப் பொய் சொல்லியிருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், நான் கேட்ட விதம் தப்பு. இணைப்பின் மேலேயே மீட்டரின் புரோபை அழுத்தி வைத்துப் பார்த்தேன். அழுத்தும்போது ஈய உருண்டை பேடை முட்டித் தொடுகிறது, பீப். எடுத்தால் விலகுகிறது. போர்டைத் திருப்பி, மேற்புறத்தில் ஐசியின் காலிலேயே புரோபை இலேசாக வைத்து, மற்றதைப் பேட்டரி மைனஸில் வைத்தேன். மௌனம். ஒரு பீப்பும் இல்லை. பூதக்கண்ணாடியில் 15-ஆம் காலின் அடியைப் பார்த்தேன். காலைச் சுற்றி வழவழப்பான, வட்டமான, அழகான ஒரு உருண்டை. அதற்கும் பேடுக்கும் நடுவே கரிய ஒரு வளையக் கோடு. போர்டில் இருந்த இணைப்புகளிலேயே பார்க்க லட்சணமானது அதுதான்.

ஏன் அந்தக் கால் மட்டும்? அது கிரவுண்ட் செம்பில் இருந்தது. போர்டின் அடிப்புறம் பாதிக்கு மேல் பரவியிருக்கும் ஒரே செம்புத் தகடு அது. மற்றப் பேடுகளுக்குச் சன்னமான செம்புக் கோடுதான் உண்டு. கொடுத்த சூடு அங்கேயே நிற்கும். இதற்கோ சூடு எல்லாப் பக்கமும் ஓடிப்போகிறது. நல்ல வடிவமைப்பில் கிரவுண்ட் பேடைச் சுற்றி வெட்டி, நாலு சின்ன ஆரங்களால் மட்டும் தகட்டோடு இணைத்திருப்பார்கள், சூடு மெதுவாகத்தான் வடியட்டும் என்று. இந்தப் போர்டில் அப்படி இல்லை. நான் எல்லாக் கால்களுக்கும் ஒரே மூன்று விநாடி கொடுத்திருக்கிறேன். மெலிந்த கால் சூடாகிவிட்டது, பேட் குளிர்ந்தே இருந்தது, ஈயம் காலை மட்டும் பற்றிக்கொண்டது.

அகலமான முனை மாட்டி, 370 டிகிரிக்கு ஏற்றி, பேடின் மேல் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, முனையைக் காலைவிடப் பேடின் பக்கமாகச் சாய்த்து வைத்தேன். நாலு விநாடி. உருண்டை ஒரு கணம் நடுங்கி, பிறகு சரிந்து, பேட் முழுக்கப் படர்ந்தது. அதே செம்பில் இருந்த 8-ஆம் காலும் 13-ஆம் காலும் ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தன. அவற்றையும் அப்படியே சரிசெய்தேன். விளக்குகள் ஒழுங்காக ஓடின. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியைவிடச் சற்றே கூடுதல் நேரம்.

அன்றிலிருந்து போர்டை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது எந்தப் பேட் பெரிய செம்பில் இருக்கிறது என்பதைத்தான். எத்தனை டிகிரி என்று கேட்பவர்களுக்கு என்னால் ஓர் எண் சொல்ல முடியும். ஆனால் அந்த எண் பேடுக்குப் பேட் பொய்யாகும்.

சிறியவை

அடுத்து எஸ்.எம்.டி. துளைக்குள் கால் நுழையாமல் போர்டின் மேலேயே உட்காரும் துணுக்குகள். 1206 என்றால் 3.2 மில்லிமீட்டர் நீளம், 1.6 அகலம். 0805 அதைவிடச் சின்னது, 2 மில்லிமீட்டர் நீளம். 0603 இன்னும் சின்னது. 0603 கெப்பாசிட்டர் ஒன்றை ட்வீசரில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன், டிக் என்று தெறித்தது. இன்றுவரை கிடைக்கவில்லை. வெள்ளைத் துணி விரித்த தட்டில்தான் இப்போது வேலை.

பயந்த அளவுக்குக் கஷ்டம் இல்லை. இரண்டு பேடில் ஒன்றில் மட்டும் முதலில் கொஞ்சம் ஈயம் வைத்து, அதை உருக்கியபடியே துணுக்கை ட்வீசரால் உள்ளே தள்ளி, அயனை எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் நின்றுவிட்டால் மறுபக்கம் நிதானமாகச் செய்யலாம். எட்டுக் கால் ஐசியில் கால்களின் இடைவெளி 1.27 மில்லிமீட்டர். இங்கே ஃப்ளக்ஸில் கஞ்சத்தனம் கூடாது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு கால்களை ஒட்டி நிறுத்திவிட்டு, வரிசை முழுக்க ஃப்ளக்ஸ் தடவி, முனையில் சிறிது ஈயத்தோடு கால்களின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு காலும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. போர்டின் பச்சைப் பூச்சில் ஈயம் ஒட்டாது, அதனால் இடையில் தங்காது. இரண்டு கால்களுக்கு நடுவே பாலம் விழுந்தால், செம்புப் பின்னலில் ஃப்ளக்ஸ் தொட்டு அதன் மேல் வைத்து, முனையால் பின்னலைச் சூடாக்கினால் உறிஞ்சிவிடும். பின்னலை இழுத்துத் தேய்க்கக் கூடாது, உறைவதற்கு முன் இரண்டையும் சேர்த்தே தூக்க வேண்டும். உறைந்த பின்னலை இழுத்தால் பேடும் கூடவே வரும். கேட்காதீர்கள்.

புகை பற்றி ஒரு வார்த்தை. மேலே வருவது காரீய ஆவி இல்லை, இந்தச் சூட்டில் அது ஆவியாகாது. வருவது பிசின் புகை. அதற்காக நல்லது என்று அர்த்தமில்லை. பிசின் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். சின்ன விசிறி ஒன்றைப் புகையை இழுத்து வெளியேற்றுகிற மாதிரி வைத்திருக்கிறேன். காரீயம் கைவழியாகத்தான் வாய்க்குப் போகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை. வெட்டும்போது தெறிக்கும் கால் துண்டுகளுக்காகக் கண்ணாடி.

அலமாரியிலிருந்து

போன வாரம் அவசர விளக்கை வெளியே எடுத்தேன். இப்போது பார்த்தால் அன்று என்ன நடந்தது என்று போர்டே சொல்கிறது. உரிந்த பேட் ஜாக்கின் மைனஸ் கால், அகலமான செம்பில் இருக்கிறது. ஈயம் மங்கல், காரீயம் இல்லாத வகைதான் போலும், 183-இல் உருகாது. என் முனை கருப்பு, சூடு கடத்தாது. மூன்றும் சேர்ந்து ஈயத்தை உருகவிடாமல் பார்த்துக்கொண்டன. போர்டோ ஒருபக்கச் செம்பு மட்டும் உள்ள பழுப்பு பினாலிக் வகை. துளைக்குள் செம்புப் பூச்சு இல்லாததால் பேடைப் பிடித்திருந்தது வெறும் பசை. செம்பின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான்தான். அரை நிமிடச் சூட்டில் பசை விட்டுவிட்டது. கை நடுங்காத ஆள் செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

பழைய ஈயத்தின் மேல் என் 63-37 கம்பியைச் சேர்த்து உருக்கினேன். இரண்டும் கலந்ததும் பிடிவாதம் தளர்ந்தது, பம்பால் உறிஞ்சி ஜாக்கைக் கழற்றினேன். புது ஜாக் வைத்து மற்ற இரண்டு கால்களையும் ஒட்டினேன். பேட் போன இடத்துக்குப் பக்கத்தில், அதே அகலச் செம்பின் மேலிருந்த பூச்சைக் கத்தி நுனியால் சுரண்டி, செம்பு தெரிந்ததும் ஃப்ளக்ஸ் தடவி ஈயம் பூசினேன். ரெசிஸ்டரில் வெட்டிப் போட்ட கால் துண்டு ஒன்றை வளைத்து, ஜாக்கின் காலிலிருந்து சுரண்டிய இடம்வரை ஜம்பர் போட்டேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்துக் கழுவினேன். மேற்புறத்திலிருந்து, அழுத்தாமல், மீட்டர் வைத்துப் பார்த்தேன். பீப்.

சார்ஜரைச் செருகியதும் சிவப்புப் புள்ளி எரிந்தது. ஜாக்கை ஆட்டிப் பார்த்தேன், அணையவில்லை. இரவு முழுக்கச் சார்ஜ் ஏற விட்டு, காலையில் பின்னைக் கழற்றி சுவிட்சைப் போட்டேன். இருட்டு.

பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 4 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 0.9. மூடி வைத்த காரீய அமில பேட்டரி, மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்ததில் தகடுகளில் சல்பேட் படிந்து செத்துவிட்டது. புதியது வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு கம்பிகளைத்தான் அதன் பிளஸ், மைனஸ் முனைத் தகடுகளில் ஒட்ட வேண்டும். தகடு தடிமன், சூட்டை விழுங்கும். அதற்காக நிறைய நேரம் காட்டினால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். கம்பிகளின் நுனிகளில் ஈயம் பூசியாயிற்று. 5 மில்லிமீட்டர் உளி முனையை மாட்டி, சூடேற விட்டிருக்கிறேன்.